கடன் வேறு, காயம் வேறு

மனம் நொந்து வருகிறவருக்கு மார்க்கச் சட்டத்தை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டால் நம் பொறுப்பு முடிந்துவிடுமா? இன்று எல்லோரும் 'கவுன்சிலிங்' என்று சொல்லும் மனோதத்துவ ஆலோசனையைத் தேடிப் போவது ஈமானின் பலவீனமா? அப்படிப் போகிறவர் அங்கிருந்து எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது? இக்கேள்விகளை நாம் கிதாபுகளிலிருந்து எடுக்கவில்லை. நாம் செய்த தவறு ஒன்றிலிருந்து எடுத்தோம். ஆகவே அந்தத் தவற்றையே முதலில் சொல்லிவிடுகிறோம். சம்பந்தப்பட்ட சகோதரரின் சம்மதத்துடனேயே எழுதுகிறோம். அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டுவிட்டோம்.

இராயபுரத்தை அடுத்த பள்ளிவாசலொன்றில் நாம் இமாமத் செய்து வருகிறோம். நம் மஹல்லாவாசிகளில் பலர் கடலையும் துறைமுகத்தையும் நம்பிப் பிழைப்பவர்கள். காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவர் உண்டு. திருவொற்றியூர்ப் பட்டறைகளில் வெல்டிங் செய்பவர் உண்டு. கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவர் உண்டு. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்தின் வாசலை நோக்கி நிற்கும் வண்டி வரிசையில் இவர்கள் பகலையும் இரவையும் கழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வண்டிக்குள்ளேயே சோறு, வண்டிக்குள்ளேயே தூக்கம்.

அவர்களில் ஒருவர், நாற்பதைக் கடந்த ஓட்டுநர், ஓரிரவு இஷாவுக்குப் பின் நம்மிடம் வந்தார். சில வாரங்களுக்கு முன் நள்ளிரவில் ஒரு யார்டில் அவர் வண்டியைப் பின்னுக்கு எடுத்தபோது, வேறொரு வண்டியின் கிளீனர் பையன் இடையில் அகப்பட்டு இறந்துபோனான். விசாரணையில் இவர்மீது பிழையில்லை என்று முடிந்தது. ஆனால் இவருக்குள் அது முடியவில்லை. "நான் என்ன செய்யணும் ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

நமக்குத் தெரிந்தது சட்டம். தவறுதலாக ஓர் உயிர் போகக் காரணமானவர் இரண்டு மாதம் இடைவிடாமல் நோன்பு நோற்பது கஃப்பாரா என்று திருமறை சொல்கிறது. பிழையில்லாதவர் மீது அது கடமையாகுமா என்பதில் பேச இடமிருந்தாலும், பேணுதலுக்காக நோற்றுவிடுங்கள் என்றோம். பையனின் குடும்பத்துக்கு இயன்றதைச் செய்யுங்கள் என்றும் சொன்னோம். அவர் அப்படியே செய்தார். வெயிலில் கொதிக்கும் வண்டியிலிருந்துகொண்டு இரண்டு மாதமும் ஒரு நோன்பையும் விடாமல் நோற்று முடித்து, மறுபடியும் வந்தார்.

"நோன்ப முடிச்சிட்டேன் ஹஜ்ரத். ஆனா கண்ண மூடினா அந்தச் சத்தம் கேக்குது. அல்லாஹ் என் நோன்ப ஏத்துக்கலையா?"

நாம் சொன்ன பதில்: "இஸ்திக்ஃபாரை அதிகப்படுத்துங்கள்."

இஸ்திக்ஃபார் செய்யச் சொன்னது தவறென்று யார் சொல்வார்? ஆயினும் அந்த மனிதரின் காதில் அது எவ்வாறு விழுந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. 'நீ சந்தேகப்பட்டது சரிதான். உன் நோன்பு ஏற்கப்படவில்லை. பாவம் இன்னும் பாக்கியிருக்கிறது' என்றே அவர் விளங்கிக்கொண்டார். பள்ளிக்கு வருவதை நிறுத்தினார். வண்டியைத் தொடுவதையும் நிறுத்தினார். ஒரு மாதம் கழித்து அவர் மனைவி வந்து வாசலில் நின்றார். "ராத்திரியில எழுந்து போய் காசிமேட்டுக் கல்லு மேல உக்காந்துக்கிறாரு ஹஜ்ரத். நேத்து, நான் இல்லேன்னா நீங்க நல்லா இருப்பீங்கன்னு சொன்னாரு" என்றார்.

அன்றுதான் நாம் பயந்தோம். கஃப்பாரா என்பது கடனைத் தீர்ப்பது. அவருக்கிருந்தது கடன் மட்டுமா? காயமும் இருந்தது. கடன் தீர்ந்த பிறகும் காயம் வலிக்கும். வலிக்கிற காயத்தைக் காட்டிக் கடன் தீரவில்லை என்று சொல்வது எவ்வளவு பெரிய அநீதி! காலொடிந்து வந்தவரிடம் நாம் தவ்பா செய்யச் சொல்லி மட்டும் அனுப்புவோமா? மனமொடிந்து வந்தவரிடம் அதைத்தான் செய்தோம்.

மஹல்லாவைச் சேர்ந்த நர்ஸ் சகோதரி ஒருவரின் யோசனைப்படி அவரை அரசு மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். மனநல மருத்துவர் முதலில் பார்த்து, உறக்கத்துக்குச் சில நாள் மாத்திரை கொடுத்து, வாரம் ஒருமுறை கவுன்சிலரைப் பார்க்கச் சொன்னார். வீட்டில் போய் இதைச் சொன்னபோது, "எந்த வார்டு கவுன்சிலர்?" என்று அவர் மனைவி கேட்டாராம். அந்த அளவுக்குத்தான் நம் மக்களுக்கு இந்த வழி அறிமுகமாகியிருக்கிறது!

ஈமானின் குறையா?

சிலர் கேட்பார்கள்: நபி யஃகூப் (அலை) அவர்கள் தம் துக்கத்தை அல்லாஹ்விடமே முறையிட்டதாகத் திருமறை கூறுகிறதே; முஃமினுக்கு மனிதரிடம் என்ன முறையீடு?

அந்த இடத்தை நாம் நிதானமாக ஓத வேண்டும். அழகிய பொறுமையை மேற்கொண்ட அந்த நபிதான், கண்கள் வெளுத்துப் பார்வை போகுமளவு அழுதார்கள். அழுகை பொறுமையை முறிக்கவில்லை. மேலும், அல்லாஹ்விடமே முறையிடுகிறேன் என்று சொன்ன அதே மூச்சில் தம் மக்களை அழைத்து, போய்த் தேடுங்கள், நம்பிக்கை இழக்காதீர்கள் என்று அனுப்பினார்கள். முறையீடு அல்லாஹ்விடம், தேடுவது மனிதர் வேலை. தவக்குல் என்பது இரண்டும் சேர்ந்ததுதான்.

இதற்கு மேலும் ஓர் ஆதாரம் வேண்டுமானால், ஹிரா குகையிலிருந்து முதல் வஹீயின் பாரத்தோடு நடுங்கி வீடு திரும்பிய அண்ணல் நபி (ஸல்) அவர்களை அன்னை கதீஜா (ரலி) அவர்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்பதை நினைத்துப் பார்க்கலாம். கேள்வி எழுப்பாமல் முதலில் போர்வையால் போர்த்தினார்கள். நடுக்கம் தணிந்த பின் நடந்ததை முழுமையாகக் கேட்டார்கள். தமக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று நாயகம் (ஸல்) அவர்கள் அஞ்சியபோது, உறவைப் பேணியதையும், பலவீனரின் சுமையைச் சுமந்ததையும், விருந்தினரை உபசரித்ததையும் ஒவ்வொன்றாக நினைவூட்டி, இத்தகையவரை அல்லாஹ் கைவிடமாட்டான் என்று தேற்றினார்கள். பிறகு, இவ்விஷயத்தில் தம்மைவிட அறிந்தவரான வரக்கா இப்னு நவ்ஃபலிடம் அழைத்துச் சென்றார்கள்.

அமைதிப்படுத்துதல், கேட்டல், அவரிடமே இருக்கும் பலத்தை எடுத்துக்காட்டுதல், தேவைப்பட்டால் அறிந்தவரிடம் சேர்த்தல் - இன்றைய ஆலோசகருக்குக் கற்பிக்கப்படும் வரிசையும் ஏறத்தாழ இதுவே. நாமோ நான்கையும் விட்டுவிட்டு உபதேசத்தில் தொடங்கினோம்.

நம் முன்னோருக்கும் இது புதிதன்று. ஹிஜ்ரி 322-ல் (கி.பி. 934) மறைந்த அபூஸைத் அல்பல்கீ, 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற நூலில் உடலின் பிணிகளோடு மனத்தின் பிணிகளையும் வைத்துப் பேசினார். கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் என்று பிரித்துப் பார்த்தார். இவற்றுக்கு உள்ளிருந்து வரும் உதவி ஒன்று, வெளியிலிருந்து மற்றொருவரின் பேச்சால் வரும் உதவி ஒன்று என்றார். ஆயிரம் ஆண்டுக்கு முன் எழுதிவைத்ததை நாம் மறந்துவிட்டு, மனநோய் என்றதும் 'கீழ்ப்பாக்கம்' என்று கேலி பேசப் பழகிவிட்டோம். கீழ்ப்பாக்கத்தில் 1871 முதல் இருந்துவரும் அந்த மருத்துவமனை, எத்தனையோ குடும்பங்களுக்கு அவர்களின் தந்தையையும் தாயையும் திருப்பித் தந்த இடம் என்பதை ஏனோ நினைப்பதில்லை.

அங்கே என்ன நடக்கும்?

குறுகிய கால ஆலோசனை என்பது பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு அமர்வுகள். வாரம் ஒன்று, ஒவ்வொன்றும் முக்கால் மணி அல்லது ஒரு மணி நேரம். நம் சகோதரருக்கு ஏழு அமர்வுகள் நடந்தன.

முதல் அமர்வில் பெரும்பாலும் கேள்விகள்தாம். தூக்கம் எப்படி, பசி எப்படி, வீட்டில் யார் யார், உயிரை விட்டுவிடும் எண்ணம் வந்ததா என்று நேராகவே கேட்பார்கள். இப்படிக் கேட்பது இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. கேட்கப்படுவதால் பாரம் குறையத்தான் செய்கிறது. சொல்வது வெளியே போகாது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் வீட்டாரிடமோ மருத்துவரிடமோ சொல்ல வேண்டிவரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

பிறகு, இத்தனை வாரத்தில் எதை எட்டப் பார்ப்போம் என்று இருவரும் சேர்ந்து ஒன்றை முடிவு செய்வார்கள். 'பழையபடி ஆக வேண்டும்' என்றார் நம் சகோதரர். அது பெரிது, முதலில் இரவு நான்கு மணி நேரம் தூங்குவதைப் பார்ப்போம் என்றாராம் அந்த அம்மையார்.

இரண்டாம் அமர்வில் அந்த இரவை ஆதியோடந்தமாகச் சொல்ல வேண்டிவந்தது. அன்று வீடு திரும்பியவர், முன்னைவிட மோசமாக இருக்கிறது, இனிப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தார். இது பலருக்கும் நேர்வது. புண்ணைத் துடைக்கும்போது எரியத்தான் செய்யும். பாதியில் நின்றுவிடுபவர்களில் பலர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

அடுத்த அமர்வுகளில் ஒரு கேள்வியைப் பலவிதமாகக் கேட்டார்கள்: "இன்று உங்களுக்குத் தெரிவது எது? அந்த நிமிடத்தில் உங்களுக்குத் தெரிந்திருந்தது எது?" பையன் வண்டிக்குப் பின்னால் இருந்தான் என்று இன்று தெரிகிறது. அன்று அவர் கண்ணாடியைப் பார்த்தார், இருட்டாக இருந்தது, வாவென்று கை காட்டிய ஆளும் இருந்தார். இன்றைய அறிவை வைத்து அன்றைய தம்மைத் தண்டித்துக்கொண்டிருந்தார் அவர். இதைக் கேட்டபோது நமக்கு வெட்கமாயிருந்தது. மனிதன் அறிந்ததையும் நாடியதையும் வைத்தே அவன் செயல் எடைபோடப்படும் என்பதை எத்தனை ஜும்ஆவில் பேசியிருக்கிறோம்! அவர் விஷயத்தில் அதை அவருக்கு எடுத்துச் சொல்லத் தோன்றவில்லையே!

வீட்டுப்பாடமும் உண்டு. குறித்த நேரத்தில் படுக்க வேண்டும். நின்றிருக்கும் வண்டியருகே தினம் பத்து நிமிடம் போய் நிற்க வேண்டும். மகனை அஸருக்குப் பள்ளிக்கு அழைத்து வர வேண்டும். 'மனம் சரியானதும் செய்கிறேன்' என்று காத்திராமல் சிறிதாகச் செய்யத் தொடங்கினால் மனம் பின்தொடரும் என்பது இம்முறையின் அடிப்படை. தொழுகையில் உள்ளச்சம் வரட்டும், பிறகு தக்பீர் கட்டலாம் என்று நாமும் யாருக்கும் சொல்வதில்லை அல்லவா?

எதை எதிர்பார்க்கலாகாது?

நம்மவர்களிடம் இருவகை எண்ணம் காணப்படுகிறது. சிலர் தாயத்து கட்டியது போல ஒரே நாளில் எல்லாம் நீங்கிவிடும் என்று நம்பிப் போகிறார்கள். சிலர், பேசினால் தீருமா, காசுக்கும் நேரத்துக்கும் கேடு என்று போகாமலே இருந்துவிடுகிறார்கள். இருசாராரும் தவறுகிறார்கள்.

கோவா மாநிலத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வுற்ற 495 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2017-ல் 'லான்செட்' மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. ஒரு சாராருக்கு வழக்கமான மருத்துவரின் கவனிப்பு. மற்றவர்களுக்கு அதோடு ஆறு முதல் எட்டு அமர்வு ஆலோசனை. ஆலோசனை சொன்னவர்கள் மருத்துவர்களல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆலோசனை பெற்றவர்களில் நூற்றுக்கு 64 பேர் சோர்விலிருந்து மீண்டிருந்தனர்; பெறாதவர்களில் நூற்றுக்கு 39 பேர். பெஷாவரில் ஐந்தே அமர்வுகளைக் கொண்ட முறையொன்றைச் சோதித்து 2016-ல் வெளியிட்ட ஆய்விலும் நல்ல பலன் தெரிந்தது.

இந்தக் கணக்கை இரு பக்கமும் படிக்க வேண்டும். சில வாரப் பேச்சு, மனிதரை எழுப்பி உட்காரவைக்கிறது, இது உண்மை. நூற்றுக்கு 36 பேர் அத்தோடு மீளவில்லை, இதுவும் உண்மை. அவர்களுக்கு மேலும் சிகிச்சை தேவை. தேவைப்படுவது அவர்களின் குற்றமுமாகாது, ஈமானின் குறையுமாகாது.

துறைமுகத்தையொட்டி வாழும் நமக்கு ஓர் உவமை எளிதில் விளங்கும். பெரிய கப்பல் துறைமுகத்தை நெருங்கும்போது பைலட் என்பவர் சிறு படகில் போய், கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் ஏணியில் ஏறுகிறார். ஆழம் எங்கே, திட்டு எங்கே என்று அவருக்குத் தெரியும். வாய்க்கால் வழியே கப்பலைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு இறங்கிப் போகிறார். அவர் ஏறியதால் கப்டனின் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. அவர் கடல் முழுதும் கூட வருவதுமில்லை, புயலை நிறுத்துவதுமில்லை. குறுகிய கால ஆலோசகர் இந்தப் பைலட் போன்றவர். கடனை அடைக்கமாட்டார், இறந்தவரைத் திருப்பித் தரமாட்டார், கணவரை விட்டுப் பிரி என்றோ சேர்ந்து இரு என்றோ தீர்ப்புச் சொல்லமாட்டார். ஆபத்தான ஒரு தூரத்தைக் கடக்கத் துணை வருவார், அவ்வளவே. அவ்வளவும் சிறிய உதவியல்ல.

அவர் நம் மார்க்கத்தவராக இருக்க வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். ஹிஜ்ரத்தின் போது, பாலைவழி அறிந்தவர் என்பதற்காக, இஸ்லாத்தைத் தழுவாதிருந்த அப்துல்லாஹ் இப்னு உரைகித்தை நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டார்கள். வழி தெரிந்தவராகவும் நம்பகமானவராகவும் இருப்பதே கவனிக்கப்பட்டது. அதே அளவுகோல் இங்கும் போதும். ஆனால் என்ன படித்திருக்கிறார், எங்கே பயிற்சி பெற்றார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம் தொழுகையையும் நோன்பையும் இளக்காரமாகப் பேசுகிறவரானால் வேறொருவரைத் தேடிக்கொள்ளுங்கள். ஒருவர் ஒத்துவரவில்லை என்பதால் வைத்தியமே வேண்டாமென்று விட்டுவிடாதீர்கள்.

பேச்சு மட்டும் போதாத இடங்கள்

காதில் குரல் கேட்பவர், யாரோ தம்மைக் கொல்ல வருவதாக நம்புகிறவர், பல நாள் உறங்காமல் வரம்பின்றிப் பேசிச் செலவழிப்பவர், குடி அல்லது போதையை விடமுடியாமல் நடுங்குபவர், உயிரை விடும் எண்ணத்தோடு இருப்பவர் - இவர்கள் முதலில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்து எழுதுவது மருத்துவரின் வேலை, கவுன்சிலரின் வேலையன்று. நம் பகுதிக்கு ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவு அருகிலேயே இருக்கிறது.

இங்கே ஏர்வாடியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் அதிகாலை, தர்காவைச் சார்ந்து நடந்துவந்த மனநோயாளர் விடுதியொன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. ஷிஃபாவை நாடி வந்த இடத்தில், மருந்தைத் தவிர்த்துச் சங்கிலியைக் கொடுத்த பழி நம் சமுதாயத்தையும் சாரும். எந்த மனநோயாளியையும் எந்த விதத்திலும் சங்கிலியிடலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுத்துவிட்டது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தவர் என்றே கருதப்பட்டுத் தண்டனையிலிருந்து காக்கப்படவும் அச்சட்டம் வழிசெய்கிறது. ஆகவே வழக்கு வரும் என்று பயந்து மறைக்க வேண்டாம். குஜராத்தில் உனாவா என்ற ஊரின் மீரா தாதார் தர்காவில் 'தவா - துஆ' என்ற பெயரில் மருந்தும் பிரார்த்தனையும் ஒருசேர நடந்ததை நாம் முன்மாதிரியாகக் கொள்ளலாம்.

நமது பங்கு

இமாம்களாகிய நமக்கு முதலில் சொல்லிக்கொள்கிறோம். சட்டம் கேட்டு வருகிறவர் சட்டத்துக்காக மட்டும் வருவதில்லை. பதில் சொல்லுமுன், "தூங்குகிறீர்களா? சாப்பிடுகிறீர்களா?" என்று இரண்டு கேள்வி கேட்போம். உயிரை விட எண்ணுகிறேன் என்று ஒருவர் சொன்னால், அது ஹராம் என்று அவருக்குத் தெரியாமலா சொல்கிறார்? அவரைத் தனியே விடாமல், கூட உட்கார்ந்து, அன்றே மருத்துவரிடம் சேர்ப்பதே நம் கடமை. 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது, தமிழிலும் பேசுவார்கள். இந்த எண்ணைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் தொழுகை நேரங்களுக்குக் கீழே எழுதிவைக்க எவ்வளவு சுண்ணக்கட்டி செலவாகும்?

ஜமாஅத்தாருக்கும் ஒரு வார்த்தை. ஆலோசனைக்குப் போய்வருகிறவரின் செய்தி அமானிதம். டீக்கடையில் அதைப் பேசுவது புறமாகும். பெண் கேட்டு வந்தவரிடம் அதைச் சொல்லிக் குடும்பத்தைக் கெடுப்பது அதனினும் கொடிது.

அந்தச் சகோதரர் இன்று எப்படியிருக்கிறார்? பழையபடி ஆகவில்லை. டிரெய்லர் ஓட்டுவதை விட்டுவிட்டார்; ஒரு யார்டின் வாசலில் வண்டிகளின் எண்ணைக் குறித்துக்கொள்ளும் வேலை பார்க்கிறார். வருமானம் குறைவு. வண்டி பின்னோக்கி வரும் ஒலி கேட்டால் இன்றும் நெஞ்சு படபடக்கிறதாம். ஆனால் அது வந்து போய்விடும் என்று இப்போது தெரிகிறதாம். இரவில் ஐந்து மணி நேரம் உறங்குகிறார். இறந்த பையனின் தாயைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று நாம் கேட்கவில்லை.

கடைசி அமர்வு முடிந்த வாரம் ஃபஜ்ருக்கு வந்தார். தொழுகைக்குப் பின் நாமே அவரிடம் போய், "அன்று உங்கள் நோன்பைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு நாம் சரியாகப் பதில் சொல்லவில்லை. அல்லாஹ் ஏற்றுக்கொண்டான் என்றே நல்லெண்ணம் வையுங்கள். வலிப்பது வேறு விஷயம்" என்றோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே ஹஜ்ரத்" என்றார்.

சொல்லியிருக்கலாம். இதைப் படிக்கும் எவரேனும் இன்னொருவருக்கு உரிய நேரத்தில் சொல்லட்டும் என்றே எழுதினோம். நோய்களையும் அவற்றுக்கான மருந்துகளையும் படைத்த அல்லாஹ், நொந்த உள்ளங்களுக்கு ஆறுதலையும், அவற்றின் அருகே இருக்கும் நமக்குக் கேட்கும் செவியையும் தந்தருள்வானாக. ஆமீன்.